வெடி தேடிய நிலத்தில் செப்புக்காசு

இந்த அவைக்குத் தலைமை தாங்கி, எங்கள் ஆரவாரத்தையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டிருக்கும் பாடசாலை அதிபர் தக்ஷாயினி அம்மையார் அவர்களே. மண்ணுக்குள் உறங்கிய காலத்தை மெல்லத் தட்டி எழுப்பிய விரிவுரையாளர் றுக்ஷானா அவர்களே. முன்வரிசையில் முறுக்கிய மீசையோடும் முறுக்காத மனத்தோடும் வீற்றிருக்கும் ஊர்ப் பெரியோர்களே. வாகரையிலும் கதிரவெளியிலும் வலையை உலரப் போட்டுவிட்டு வந்திருக்கும் கடலின் மக்களே. வாவி கடந்து கொக்கட்டிச்சோலையிலிருந்து வந்திருக்கும் வயலின் மக்களே. ஓட்டமாவடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் வந்து எங்களோடு தோளுரசி அமர்ந்திருக்கும் சகோதர சகோதரிகளே. மடியில் பிள்ளையையும் மனத்தில் பெருமையையும் ஏந்தியிருக்கும் தாய்மாரே. உங்கள் அனைவரையும் இரு கரம் கூப்பி, இதயம் குளிர வணங்குகிறேன்.

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லையா? ஒலிபெருக்கித் தம்பி, சற்றே கூட்டிவிடுங்கள். இப்போது கேட்கிறதா? நல்லது. இன்று நான் சொல்லப்போவது கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டிய கதை.

எதற்காக இந்தத் தோரணம்? எதற்காக இந்தக் கொடி? ஒரு சின்னஞ்சிறு பாடசாலையின் ஒரு சின்னஞ்சிறு அறையைத் திறப்பதற்கு ஏன் இத்தனை ஊர் திரண்டது? அந்த அறைக்குள் ஒரு கண்ணாடிப் பேழை இருக்கிறது. பேழைக்குள் சுண்டுவிரல் நகத்தளவில், பச்சை படிந்த காசுகள் இருக்கின்றன. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்த மண்ணில் கிடந்த ரோமக் காசுகள். "தங்கமா?" என்று கேட்கிறார்கள். இல்லை. "வெள்ளியா?" என்று கேட்கிறார்கள். அதுவும் இல்லை. செம்பு. உரசி உரசித் தேய்ந்து, கைமாறிக் கைமாறிக் களைத்துப்போன வெறும் செம்பு. ஆனால் இந்தச் செம்புக்காக ஒரு மனிதன் தன் விளைச்சலை விட்டான். இந்தச் செம்பு புதைந்த நிலத்தில் ஒரு பெண் தன் உயிரைப் பணயம் வைத்தாள். இவ்விருவர் கதையையும் கேட்டுவிட்டு அந்தக் கதவைத் திறப்போம்.

என் பெயர் உதயரூபன். கோயில் திருவிழாக்களில் என்னைக் கேட்டவர்கள் என்னைப் பேச்சாளன் என்பார்கள். எனக்குச் சோறு போட்ட தொழில் வேறு. மிதிவெடி அகற்றும் அணி ஒன்றில் நான் முதலுதவியாளன். அம்புலன்ஸ் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. அதில் அமர்ந்து, எதுவும் நடந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருப்பதுதான் என் வேலை. சும்மா இருந்து சம்பளம் வாங்கியவன் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். நான் சும்மா இருந்த ஒவ்வொரு நாளும் எங்கள் பிள்ளைகள் எல்லோரும் இரண்டு கால்களோடு வீட்டுக்குப் போனார்கள் என்று பதில் சொல்வேன்.

கதிரவெளிக்கு மேற்கே, காடும் வயலும் கைகோக்கும் இடத்தில் மருதங்கண்டல் வட்டை என்ற வயல்வெளி இருக்கிறது. நெல் விளைந்த பூமி. போர்க்காலத்தில் அங்கே நெல்லுக்குப் பதிலாக வேறொன்றை விதைத்தார்கள். யார் விதைத்தார்கள் என்று இன்றைக்குக் கேட்டுப் பயனில்லை. முளைத்தது ஊனம், விளைந்தது மரணம். அந்த வட்டையில் கோணாமலை என்பவருக்குக் காணி இருந்தது. இடம்பெயர்ந்து, வாவிக்கு அப்பால் கொக்கட்டிச்சோலையில் மகள் வீட்டில் குடியிருந்து, அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டுக்கொண்டு, தன் காணிக்காகக் காத்திருந்தார். பல ஆண்டுகள் காத்திருந்தார். மற்ற இடமெல்லாம் துப்புரவாகிவிட்டது. காட்டோரத்தில் விடுபட்ட இந்தத் துண்டுக்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் எங்கள் அணி போனது.

நாங்கள் போன நாளிலிருந்து அவரும் வந்தார். கதிரவெளியில் ஓர் உறவினர் வீட்டில் தங்கிக்கொண்டு, விடிந்ததும் வேலியோரம் வந்து நிற்பார். எங்கள் பிள்ளைகள் சுத்தம் செய்த நிலத்தில் வெள்ளைக் கட்டை நாட்டுவார்கள். செய்யாத நிலத்தின் எல்லையில் சிவப்புக் கட்டை நிற்கும். வெள்ளை ஒரு முழம் முன்னே போனால் அவர் முகம் ஒரு முழம் மலரும்.

எங்கள் அணியில் வாகரையைச் சேர்ந்த தனுஷியா என்ற பெண் இருந்தார். ஆழிப்பேரலையில் பெற்றோரை இழந்தவர். தன்னிரு பிள்ளைகளைத் தனியே வளர்ப்பவர். எதையும் அதிகம் பேசாதவர். இப்போது எங்கே இருக்கிறார் என்று தேடாதீர்கள். மேடைக்கு வாருங்கள் என்று கெஞ்சினோம். மாட்டேன் என்று தாய்மார் நடுவே போய் அமர்ந்துவிட்டார். ஓம் அம்மா, உங்கள் பக்கத்தில் தலை குனிந்திருப்பவர்தான்.

ஒருநாள் காலை அவருடைய கருவி கூவியது. உலோகம் இருந்தால் கூவும் கருவி அது. அது மிதிவெடியா, ஆணியா, சோடா மூடியா என்று சொல்லத் தெரியாது; கூவ மட்டுமே தெரியும். மண்டியிட்டு, முகமூடிக் கண்ணாடி வழியே பார்த்து, பக்கவாட்டில் மண்ணைச் சுரண்டிச் சுரண்டித்தான் அறிய வேண்டும். தனுஷியா சுரண்டினார். ஒரு சிறு பச்சை வட்டம் வந்தது. இன்னும் சற்றுத் தள்ளி இன்னொன்று. அணித்தலைவர் அம்ஜத் அதை உள்ளங்கையில் வைத்து வெயிலுக்குக் காட்டினார். தேய்ந்த தலையொன்று தெரிந்தது. அதைச் சுற்றி எங்களுக்குத் தெரியாத எழுத்துகள் தெரிந்தன.

"இது இந்த நாட்டுக் காசில்ல," என்றார் அம்ஜத். "பழசு. நல்லாப் பழசு. மேல அறிவிக்கோணும்."

வேலியோரத்தில் நின்ற கோணாமலையின் முகம் கறுத்தது. அன்று தேநீர் வேளையில் தனுஷியாவைத் தனியே அழைத்தார்.

"மகள், அதை எடுத்த இடத்திலேயே போட்டு மூடிரு. நானும் காணல்ல, நீயும் காணல்ல."

"ஏன் பெரியப்பா?"

"பழங்காலத்துச் சாமான் கிடந்த காணி எண்டு ஒரு பலகை நாட்டினா, மறுகா அது என்ட காணியா? வெடி எடுத்து முடியும் எண்டு இத்தனை வருசம் காத்திருந்தன். இனி ஒண்டுக்குக் காத்திருக்க என்னால ஏலா."

அவர் பயந்தது தவறா? சொல்லுங்கள். எத்தனை முறை எத்தனை காரணத்துக்காகத் தன் நிலத்தை விட்டு வெளியேறிய மனிதன் அவர். அந்தப் பயத்தைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை இந்தச் சபையில் யாருக்காவது உண்டா?

தனுஷியா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "பெரியப்பா, உங்கட காணி உங்களுக்கு வரோணும் எண்டுதான் நானும் முழங்கால் தேயக் குந்தியிருக்கிறன். ஆனா இதை மட்டும் கேக்காதீங்க. கேட்ட சத்தத்தைக் கேக்கல்ல எண்டு சொல்லிப் பழகினா, நாளைக்கு வெடியில கேட்டாலும் அப்பிடித்தான் சொல்லுவன். மறுகா நீங்க அதில ஏர் பூட்டுவீங்க."

கை தட்டுகிறீர்கள். தட்டுங்கள். ஆனால் அன்று யாரும் தட்டவில்லை. கோணாமலை எழுந்து போனார். மறுநாள் வேலியோரம் வரவில்லை.

செய்தி மட்டும் வந்தது, போனது, பரவியது. செம்புக்காசு என்று புறப்பட்ட சொல், ஊர் எல்லை தாண்டும்போது வெள்ளிக்காசு ஆகி, நெடுஞ்சாலையில் ஏறும்போது பொற்குடம் ஆகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்கு விடுமுறை நாள், தூரத்து நகரம் ஒன்றிலிருந்து ஒரு வான் வண்டி வந்தது. அதிலும் உலோகம் காட்டும் கருவி இருந்தது. எங்கள் கருவியைப் போலத்தான். ஆனால் ஒரே கருவியை உயிர் காக்கவும் தூக்கலாம், புதையல் பறிக்கவும் தூக்கலாம் அல்லவா?

மூன்று பேர் வந்தார்கள். இருவர் வேலியிலேயே தயங்கினார்கள். ஒருவர், இளைஞர், சிவப்புக் கட்டைகளைத் தாண்டி உள்ளே போனார். கருவி கூவியது, தோண்டினார், காசு வந்தது. ஆசை கூவியது, இன்னும் உள்ளே போனார். மறுபடி கூவியது; மறுபடி தோண்டினார். இம்முறை மண்ணுக்குள் கரும்பச்சையாக ஒரு பிளாஸ்டிக் விளிம்பு தெரிந்தது. அது என்னவென்று அவருக்குத் தெரியும். போர் கண்ட இந்த நாட்டில் அது எல்லோருக்கும் தெரியும். நின்ற இடத்தில் உறைந்தார். வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். புல்லில் தடம் இல்லை. கூட வந்தவர்கள் வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள்.

அவருடைய அலறலை முதலில் கேட்டவர் யார் தெரியுமா? கோணாமலை. கோபத்தில் வேலிப்பக்கமே வராதிருந்தவர், அன்று தன் காணியைத் தள்ளி நின்றாவது பார்த்துவிட்டுப் போவோம் என்று வந்திருந்தார். அவர்தான் அம்ஜத்துக்குத் தொலைபேசி எடுத்தார். அம்ஜத் எங்களை அழைத்தார். தனுஷியா வாகரையிலிருந்து மோட்டார் சைக்கிளில், பிள்ளைகளை அயல்வீட்டில் விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். நாங்கள் வந்து பார்த்தபோது கோணாமலை வேலிக்கு வெளியே நின்று, அந்த இளைஞரோடு கதைத்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை. "அசையாத மனே, ஆக்கள் வருது, அசையாத," என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் சுத்தம் செஞ்ச பாதைதான் அவருக்குக் கிட்ட. நான் போறன்," என்று தனுஷியா கவச உடுப்பை மாட்டினார்.

அம்ஜத் அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தார். "போ. ஆனா அவன் அழுறான் எண்டு ஒரு சத்தத்தையும் விட்டிட்டுப் போகாத."

அன்பான சபையோரே, அந்தப் பகலை நான் எப்படிச் சொல்வேன்? அந்த இளைஞர் நின்றது இந்த மேடைக்கும் அந்த வேப்பமரத்துக்கும் உள்ள தூரம். நீங்கள் எழுந்து நடந்தால் மூச்சு வாங்காது. தனுஷியாவுக்கு உச்சி வெயிலில் தொடங்கியது பொழுது சாயும்வரை போனது. ஏன்? வழியெல்லாம் கருவி கூவியது. கூவிய இடமெல்லாம் மண்டியிட்டார். சுரண்டினார். வந்தது என்ன? காசு. மறுபடி கூவியது. மறுபடி மண்டியிட்டார். மறுபடி காசு. புதையல் தேடி வந்தவருக்கும் உயிர் கொண்டு வந்தவருக்கும் நடுவே அந்தப் புதையலே வேலியாகக் கிடந்தது.

இளைஞரால் தாங்க முடியவில்லை. "அக்கா, அதெல்லாம் காசுதான் அக்கா. விட்டுட்டுக் கெதியா வாங்க. என்னால நிக்க ஏலாது."

தனுஷியா தலை நிமிரவில்லை. "காசு எது, வெடி எது எண்டு மேல நிண்டு தெரியுமெண்டா, நீ ஏன் தம்பி அங்க நிக்கிறாய்?"

அவர் அழுதார். தனுஷியா சுரண்டிக்கொண்டே கேட்டார்: "வீட்டில ஆர் இரிக்கிற?"

"அம்மா."

"அம்மா இண்டைக்கு என்ன கறி வெச்சிருப்பா?"

அவர் சொல்லத் தொடங்கினார். கறியைச் சொன்னார், வீட்டைச் சொன்னார், தங்கை படிப்பதைச் சொன்னார். பேசப் பேச அழுகை நின்றது. கை எட்டும் தூரத்துக்குத் தனுஷியா வந்தபோது கருவி மீண்டும் கூவியது. அதே கூவல்தான்; எந்த வேறுபாடும் இல்லை. இளைஞருடைய குதிகாலுக்கு ஓரடி பின்னால். தனுஷியா மண்டியிட்டார். மண்ணைத் துழாவும் நீண்ட ஊசியைப் பக்கவாட்டில் நுழைத்தார். மெல்ல, மெல்ல, மண்ணை விலக்கினார்.

அது காசு இல்லை.

இரண்டாவது மிதிவெடி. அந்த இளைஞர் பதறிப்போய் ஓரடி பின்வைத்திருந்தால் அதன்மேல் வைத்திருப்பார். தனுஷியா அவசரப்பட்டு ஒரு கூவலைக் காசென்று எண்ணிக் கடந்திருந்தால் இருவருமே இல்லை. தனுஷியா அதற்கு அடையாளம் நாட்டினார், சுற்றிக்கொண்டு புதிதாகப் பாதை எடுத்தார், கையை நீட்டினார். "என்ட காலடியில மட்டும் கால் வை," என்றார். அந்த இளைஞர் வைத்தார். வெளியே வந்தார். வந்ததும் புழுதியில் விழுந்து கோணாமலையின் கால்களைக் கட்டிக்கொண்டார்.

அந்த இளைஞரின் பெயரை நான் இந்த ஒலிபெருக்கியில் சொல்லமாட்டேன். அவருடைய தாய்க்கு நான் கொடுத்த வாக்கு அது. தனுஷியாவிடம் தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. "முதல்ல அந்தத் தம்பிக்குக் குடுங்க அண்ணா," என்றார்.

அப்போதுதான் கோணாமலை அம்ஜத்திடம் வந்தார். வழியில் எடுத்த காசுகளைக் காட்டச் சொன்னார். தன் காய்த்துப்போன உள்ளங்கையில் அவற்றை வைத்துப் பார்த்தார். எடையே இல்லாத செம்பு. "இதுக்கா ஒரு புள்ள செத்திருப்பான்," என்றார். பிறகு நிமிர்ந்தார். "மறைச்சு வெச்சா இன்னொருத்தன் வருவான். அவனுக்குப் பின்னால இன்னொருத்தன். நான் அரசாங்கக் கச்சேரிக்கு வாறன் தம்பி. என்ட காணியில கிடந்ததை என்ட வாயாலயே சொல்றன்."

இதுதான் வீரம் என்று நான் சொல்வேன். தன் நிலம் போகலாம் என்று தெரிந்தும், தன் காலால் நடந்து போய், தன் வாயால் உண்மை சொன்ன கோணாமலையை விடப் பெரிய வீரனை எனக்குக் காட்டுங்கள்.

சொன்னதற்கு விலை இருந்தது. ஆய்வு முடியும்வரை காணியில் இறங்கக் கூடாது என்றார்கள். அந்த மாரியில் சுற்றியுள்ள வட்டை எல்லாம் பச்சைப் பசேலென்று கதிர் தள்ளியது. மருதங்கண்டலில் புல் மட்டும் வளர்ந்தது. தன் வாயால் தன் காணியைத் தொலைத்தவன் என்று தேநீர்க் கடையில் பேசினார்கள். தனுஷியா கொக்கட்டிச்சோலைக்கே போய், "என்னாலதான் பெரியப்பா," என்று அழுதார். அவர் சொன்னார்: "நீ அண்டைக்கு ஒரு சத்தத்தை விட்டிருந்தா அந்தப் பொடியன் இல்ல. நான் ஒரு போகத்தை விட்டா என்ன குறைஞ்சு போகும்? அழாத. சாப்பிட்டுப் போ."

அதன்பின் தொல்லியல் ஆய்வுக்கு வந்தார் ஏறாவூர் மகள் றுக்ஷானா. வெடிகளை எங்கள் அணி அகற்ற அகற்ற, பின்னாலேயே அவருடைய அணி அளந்து, வரைந்து, சல்லடையிட்டு வந்தது. வட்டையின் கிழக்கு மூலையில், முன்பு தோணி வந்து போன ஓடையாக இருந்திருக்கலாம் என்று அவர் கருதும் இடத்தில், உடைந்த பானையொன்று கிடைத்தது. அந்தப் பானையிலிருந்து ஏரும் வெள்ளமும் இழுத்துச் சென்ற காசுகள்தாம் வயலெங்கும் சிதறியிருந்தன. சில ரோமத்தில் அச்சிட்டவை. சில அதைப் பார்த்து இந்தப் பக்கத்திலேயே செய்தவையாக இருக்கலாம் என்றார். இலங்கைக் கரையோரங்களில் இத்தகைய செப்புக்காசுகள் முன்பும் கிடைத்திருக்கின்றன. ஆனால் எங்கள் வட்டை தன் கதையைத் தானே சொன்னது அன்றுதான்.

வேலியோரம் கூடியிருந்தவர்களில் ஒருவர் கேட்டார்: "இது ஆர்ர காசு மிஸ்? எங்கட ஆக்கள்ரயா, உங்கட ஆக்கள்ரயா, வேற ஆக்கள்ரயா?" தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் எங்கள் மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு எத்தனை கூர்முனை இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

றுக்ஷானா சல்லடையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "இதைக் கையில வெச்சிருந்தவர் என்ன மொழி பேசினார், யாரைக் கும்பிட்டார் எண்டு காசு சொல்லாது ஐயா. இது தங்கம் இல்ல, அரசர்மார் பூட்டி வெக்க. சில்லறை. மீன் வாங்கின கை, உப்பு வித்த கை, தோணி தள்ளின கை. கடலுக்கு அங்கால இருந்து வந்த காசை ஒருத்தர் நம்பி வாங்கியிரிக்கார். தான் குடுத்தா இன்னொருத்தர் நம்பி வாங்குவார் எண்டும் நினைச்சிரிக்கார். அவ்வளவும் எனக்கு நிச்சயமாத் தெரியும்."

கேட்டீர்களா? நம்பி வாங்கினார்கள், நம்பிக் கொடுத்தார்கள். அறியாத மனிதரின் கையை நம்பிய மண் இது. பிற்காலத்தில் அதே மண்ணில் நாம் எதைப் புதைத்தோம்? அயலவன் கால் வைக்கக் கூடாது என்று வெடியைப் புதைத்தோம். மேலே நம்முடைய அச்சம். அதன் கீழே அவர்களுடைய நம்பிக்கை. அச்சத்தை ஒவ்வொன்றாய்த் தோண்டி எடுத்து, அதனடியில் கிடந்த நம்பிக்கையைக் கையில் ஏந்தி வந்தாள் ஒரு வாகரைப் பெண். நிலத்தை மீட்டாள், நெறி தவறிய ஒருவனை மீட்டாள், நினைவிலிருந்தே மறைந்த ஒரு காலத்தை மீட்டாள். இதற்கு மேல் வெற்றி என்று ஒன்று உண்டா?

காணி என்னவாயிற்று என்று கேட்கிறீர்களா ஐயா? சொல்கிறேன். ஆய்வு முடிந்தது. காணி கோணாமலைக்கே உரியது என்று உறுதியானது. பானை கிடந்த மூலையை மட்டும், ஏர் படாமல் இருக்கட்டும் என்று அவர் தானாகவே ஒதுக்கிக் கொடுத்தார். அடுத்த மாரியில் ஏர் பூட்டினார். வரம்பில் நின்று முதல் விதையைத் தனுஷியாவின் கையால் போட வைத்தார். அம்ஜத் நின்றார், நான் நின்றேன், அந்த இளைஞரும் தாயோடு வந்து நின்றார். வெயில் சாய்ந்தபோது அந்த இளைஞர், அன்று சட்டைப்பையில் எடுத்துச் சென்று மறைத்திருந்த காசுகளையும் றுக்ஷானாவிடம் ஒப்படைத்தார். விளைச்சல் எப்படி? இன்று மதியம் நீங்கள் உண்ட சோறு எந்த வட்டையில் விளைந்தது என்று நினைத்தீர்கள்?

ஆம், கை தட்டுங்கள். இந்தக் கைதட்டலுக்கு உரியவர் முன்வரிசையில் ஓரமாக, சால்வையால் முகம் துடைக்கிறார். எழுந்து நில்லுங்கள் கோணாமலை ஐயா. சபை உங்களைப் பார்க்கட்டும்.

இனி அந்த அறை. அரும்பொருள் காக்கும் நூதனசாலையின் இசைவோடு இந்தக் காசுகளில் ஒரு பகுதி எங்கள் பிள்ளைகளின் கண்முன் இருக்கப் போகிறது. பேழைக்கு என்ன வாசகம் எழுதுவது என்று அதிபர் கேட்டபோது, றுக்ஷானா ஒரு சிறிய பலகையைத் தந்தார். எந்தப் பேரரசரின் பெயரும் அதில் முதலில் இல்லை. வாசிக்கிறேன், கேளுங்கள்:

"கண்டெடுத்தவர்: தனுஷியா, மிதிவெடி அகற்றுபவர், வாகரை. நிலத்துக்கு உரியவர்: கோணாமலை, விவசாயி, மருதங்கண்டல் வட்டை. காசு: செம்பு, ரோமம்."

செவிமடுத்த உங்கள் பொறுமைக்கும், தலைமை ஏற்ற அம்மையாருக்கும், அகழ்ந்து தந்த அறிஞருக்கும், சோறு சமைத்த கைகளுக்கும், பந்தல் போட்ட தோள்களுக்கும் என் நெஞ்சம் நிறைந்த நன்றி. உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். உங்கள் மீது சாந்தி நிலவட்டும்.

தனுஷியா தங்கச்சி, இனியும் மறுக்காதீர்கள். எழுந்து வாருங்கள். தாய்மாரே, வழி விடுங்கள். அதிபரின் கையில் திறப்பு உங்களுக்காகக் காத்திருக்கிறது. வந்து கதவைத் திறவுங்கள்.